பிளாக் மாறிய விளம்பரம்

‘எச்சரிக்கை’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே என் அப்பாவின் படம் இருந்தது. படத்தின் கீழ் இருந்த பெயர் மட்டும் அவருடையது இல்லை. முனியப்பன் என்று இருந்தது. ‘படத்தில் காணும் நபருக்கும் எங்கள் ஸ்டோர்ஸுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கடையின் பெயரைச் சொல்லிக் கிராமங்களில் முன்பணம் வாங்கி வருகிறார். பொதுமக்கள் ஏமாற வேண்டாம்.’ 1982, தீபாவளிக்கு மூன்று வாரம் முந்தைய பேப்பர். என் அப்பா பெயர் தாமோதரன். இதே கடையில் பட்டு செக்‌ஷனில் நாற்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து ரிடையர் ஆனவர்.

செஞ்சுலட்சுமி ஸ்டோர்ஸ் சித்தூர் பஜாரில் ஆரம்பித்து இப்போது திருப்பதியில் நான்கு மாடியாக நிற்கிறது. நான் அதில் விளம்பரப் பிரிவு. ஐம்பதாவது வருட விழாவுக்கு, பேப்பரில் வந்த விளம்பரங்களையெல்லாம் வரிசையாகச் சுவரில் மாட்ட வேண்டும் என்று முதலாளி விஜயராகவன் சொன்னதால், ஒரு மாதமாகப் பழைய பேப்பர் கட்டுகளோடு தும்மிக்கொண்டிருந்தேன். முதல் விளம்பரம் இரண்டு அங்குலம். சுத்தமான ஜவுளி, நியாயமான விலை, அவ்வளவுதான். பிறகு கோட்டோவியத்தில் ஒரு பெண் வருகிறாள். உகாதி, ஆடி, தீபாவளி எல்லாவற்றுக்கும் ஆறு வருடம் அதே பெண், அதே புடவை. பிறகு மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஒரே கூரையின் கீழ் எல்லாம். பிறகு கலர். இப்போது முதல் பக்கம் முழுக்க நாங்கள்தான். ‘50% வரை தள்ளுபடி’ என்பதில் அந்த ‘வரை’யை எவ்வளவு சின்னதாகப் போடுவது என்று தீர்மானிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் அச்சில் வரும் எதையும் நான் சுலபத்தில் நம்புவதில்லை. வீட்டில் பால் பாக்கெட்டில் போட்ட தேதியைக்கூட இரண்டு தடவை பார்ப்பேன்.

அடுத்த வாரப் பேப்பரில் டிராக்டர் விற்பனைக்கும் தொலைந்துபோன சர்டிஃபிகேட்டுக்கும் நடுவில் மூன்று வரி இருந்தது. ‘பத்திரிகை அலுவலகத்தில் பிளாக் மாறியதால் எங்கள் ஊழியர் திரு. தாமோதரன் படம் தவறாக வெளியானது. வருந்துகிறோம்.’ படம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான குடிபாலாவுக்குப் போனேன். அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். செல்போனில் இரண்டையும் காட்டினேன். அவர் அதிரவில்லை. வருத்தம் தெரிவித்த மூன்று வரியைத்தான் பெரிதாக்கிப் படித்தார்.

“இது கெடச்சிடுச்சா. நான் வெச்சிருந்தத கரையான் துன்னுடுச்சி” என்றார்.

“இன்னா நைனா நடந்துச்சி?”

“சித்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட அப்ப புதுசா ஒரு கடை தொறந்தாங்க. பட்டு செக்‌ஷன் மொத்தமும் நீயே பாத்துக்கோன்னு என்னைக் கூப்ட்டாங்க. தீபாவளிக்கு அங்க போறதா இருந்தேன். பேப்பர்ல மூஞ்சி வந்ததும் அவங்க வாணாம்னுட்டாங்க. நம்ம கஸ்டமருங்கள்ல பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது, பேரை யாரு பாத்தா? சந்தையில ஒரு பொம்பள என் சட்டையப் புடிச்சிட்டா. முதலாளிதான் கூப்ட்டு, பேப்பர்காரன் பண்ண தப்புக்கு நீ இன்னா பண்ணுவ, இங்கயே இருன்னாரு.”

முதலாளியோடு அவர் நிற்கும் ரிடையர்மென்ட் படம் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. எனக்கு இந்த வேலையும் அவர் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான்.

பிளாக் என்றால் என்ன என்று கட்டுகளைப் புரட்டும்போது தெரிந்துகொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் போட்டோவை அப்படியே அச்சடிக்க முடியாது. வேலூருக்கு அனுப்பித் தகட்டில் எடுத்து, மரக்கட்டையில் அறைந்து வாங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். விளம்பரம் வந்த பிறகு கட்டையைத் திரும்ப வாங்கி, அடுத்த தடவைக்கு ஆகும் என்று கடை இழுப்பறையில் போட்டு வைப்பார்கள். மாறிப்போக வேண்டுமென்றால் அப்பாவின் முகத்துக்கு முன்பே ஒரு பிளாக் இருந்திருக்க வேண்டும். கடை ஆரம்பித்ததிலிருந்து அதுவரை வந்த ஏழு வருட விளம்பரத்தையும் நான் பார்த்துவிட்டேன். ஒரு ஊழியர் முகம்கூட எதிலும் இல்லை.

“அதுக்கு முன்னால உன் படம் பேப்பர்ல வந்துகீதா நைனா?”

“நான் இன்னா சினிமாக்காரனா? ரிஜிஸ்டருக்குன்னு முதலாளி ஸ்டுடியோவுக்கு அனுப்பி எடுத்த போட்டோ அது. அந்தப் புதுக் கடைக்காரன் கூப்ட்டானே, அந்த வாரம்தான்.”

சொல்லிவிட்டுக் கடலையை எடுத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாமல் சொன்னாரா, எல்லாம் தெரிந்து சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிளாக் மாறவில்லை, முதலாளிதான் மாற்றினார் என்று நான் நினைப்பதை அவரிடம் சொல்லிவிட்டால் நாற்பது வருட நன்றியை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? சொல்லாமல் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். எண்பது வயது, நெற்றியில் நாமம் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

“எங்க நைனா போட்டோவுக்கு பிளாக் எதுக்கு சார் செஞ்சீங்க?”

அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“உங்க நைனா நல்லாகீறாராம்மா? விழாவுக்கு இட்டுக்கினு வா. அவருக்கு மரியாத செய்யணும்.” பிறகு, “அந்த எச்சரிக்கை வாணாம். வருத்தம் தெரிவிச்சது மட்டும் மாட்டு. கடைக்கு அதான் கௌரவம்” என்றார்.

அதை மட்டும்தான் மாட்டினேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், எனக்கு இந்த வேலை வேண்டும். ஆணி அடிக்கும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

விழா அன்று அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நேராக அந்த மூன்று வரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து நிற்க, அப்பா விரலை வைத்து அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். திரு. தாமோதரன் என்ற இடத்தில் நிறுத்தி, “நாந்தான்” என்றார்.

முதலாளி வந்து பொன்னாடை போர்த்தித் தோளில் கை போட்டார். நாளைய முதல் பக்கத்துக்கு என்று போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார்.

“ரோஹிணி, இது பேப்பர்ல வருமா?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

“வரும் நைனா.”

“கீழ பேரு?”

“உன் பேருதான். நான்தான் போடுவேன்.”

அப்பா தலையாட்டினார். பிறகு தோளில் இருந்த முதலாளியின் கையை இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். பொன்னாடையை மடித்து அந்தக் கையிலேயே கொடுத்தார்.

“என்னை மட்டும் ஒண்ணு எடுப்பா” என்றார் போட்டோகிராபரிடம்.

முதலாளி இரண்டடி தள்ளி நின்றார். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை.