ஸ்டியரிங்கில் ஒற்றை விரல்

1
இந்தக் கதைக்குக் காரணம் ஒரு விரல். அமெரிக்காவில் எங்கள் பருத்திக்காட்டு மாவட்டத்தில் எதிரே எந்த வண்டி வந்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். தூக்காதவன் வெளியூர்க்காரன். பத்தொன்பது வருடமாக நானும் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களை இனி மாநிலமே பிடிக்கும். சந்தேகம் வந்தால் காவலர் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் நிற்கும் அத்தனை பேரிடமும் காகிதம் கேட்க வேண்டும். கேட்காத காவலருக்கு வேலை போய்விடும். சந்தேகம் எதைப் பார்த்து வர வேண்டும் என்பதை மட்டும் நாற்பது பக்கத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

2
"செம்மண் புழுதியைக் கிழித்து வந்த மாலை வெயில் கார்லண்டின் நெற்றியில்

வேண்டாம், இப்படித் தொடங்க வேண்டாம். கார்லண்டின் நெற்றியை யாரும் பார்த்ததில்லை, எப்போதும் தொப்பி.

கார்லண்ட் எங்கள் மாவட்டக் காவலர், துணை ஷெரீப். ஓய்வு பெறப் பத்து மாதம் இருக்கிறது. சட்டத்தை மூன்று நாள் படித்து மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்: விரல் தூக்காதவனை நிறுத்துவது.

3
கதையில் கார்லண்ட் யாரை நிறுத்துவது? சட்டம் கொண்டுவந்த உறுப்பினரையே விரல் தூக்காமல் வர வைத்தேன். நீங்கள் முன்கூட்டியே சிரித்துவிட்டீர்கள், கிழித்துப் போட்டேன். பிறகு இரண்டு கையிலும் மாவுக்கட்டு போட்ட பியானோ டீச்சர். அவள் எப்படி வண்டி ஓட்டுவாள் என்று என் மனைவி கேட்டாள். அதுவும் போயிற்று.

ஆள் கிடைக்காமல் என்னையே போட்டுக்கொண்டேன்.

4
கதைக்கு முதல் வரி யோசித்தபடியே பருத்தி ஆலை வளைவில் வந்த நான் விரலை மறந்தேன். சைரன் கேட்டது.

"ஏங்க, விரலுக்கு என்னாச்சு?" என்றார் கார்லண்ட்.

கதை யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். யாரைப் பற்றி என்றார்.

"உங்களைப் பத்திதான்."

அப்படியானால் தன்னைக் கொஞ்சம் ஒல்லியாக எழுத முடியுமா என்று கேட்டார். (கார்லண்ட் ஒல்லியானவர்.)

என் குடியேற்ற அட்டையைக் காட்டினேன். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

5
ஆனால் எங்கள் பக்கம் இன்னொரு வழக்கம் உண்டு. ஓரமாக ஒரு வண்டி நின்றால், என்ன ஏது என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். நிக்கானோர் வந்தார். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே கூரை போடுகிறவர். காகிதம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும், கார்லண்டுக்கும் தெரியும். போன ஆலங்கட்டி மழையில் பிய்ந்த கார்லண்ட் வீட்டுக் கூரையைப் போட்டவரே அவர்தான்.

தூரத்திலேயே விரலைத் தூக்கினார். அவரை நேரே ஓட்டிக்கொண்டு போக வைத்து மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் திரும்பி வந்து நின்றார். நான் என்ன செய்ய, அவர் அப்படிப்பட்ட ஆள்.

"என்னண்ணே, டயரா? ஜாக்கி இருக்கு," என்று கையோடு தூக்கிக்கொண்டே இறங்கினார்.

கார்லண்டின் சட்டையில் காமிரா. எல்லாம் பதிவாகிறது என்று அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்திய இடத்தில் நிற்கும் அத்தனை பேரிடமும்.

"நிக்கி, நீ ஏம்ப்பா நின்ன?"

"நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்களே."

6
முடிவு ஒன்று: காமிராவின் பாட்டரி தீர்ந்துவிட்டது. (இன்று காலைதான் கார்லண்ட் புதிது போட்டார்.)

முடிவு இரண்டு: மறுபடி ஆலங்கட்டி மழை. (வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை.)

முடிவு மூன்று: நான் நடுவில் புகுந்து

சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

கார்லண்ட் தொப்பியைக் கழற்றுகிறார். நெற்றி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வாயைத் திறக்கிறார்:

"நிக்கி, உன்கிட்ட

இதோடு பேனாவை மூடிவிட்டேன். அடுத்த சொல்லை நான் எழுதாதவரை சட்டம் நிக்கானோரைத் தொட முடியாது. நீங்கள் முடிப்பதானால் முடியுங்கள், ஆனால் யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிடாதீர்கள். ஜாக்கி கனம். உதவி வேண்டாம் என்று யாராவது சொல்லும்வரை அவர் அதைக் கீழே வைக்க மாட்டார்.