கூரை ஒழுகும் வீடுகளுக்கான விதி

வில்மா டாக்கெட் வாசல் கதவைத் திறந்துவைத்து, சட்டத்தில் சிவப்புத் துணித் தடுப்பைப் பொருத்தி, அதன் நடுவில் பெரிய மின்விசிறியை மாட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கத்தில், நான்கு மாவட்டத்து ஏழைகளுக்காக நடக்கும் தொண்டு நிறுவனத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. குளிர் இறுகுவதற்குள் சுவர்களுக்குள் பஞ்சு அடைத்து, சந்துகளை மூடி, வீட்டைக் கதகதப்பாக்கித் தரும் திட்டம். அடைக்கும் ஆட்கள் வேறு. எந்த வீட்டில் அடைக்கலாம் என்று பார்த்து எழுதுவதுதான் இவள் பாடு. முட்டி வலித்தது. இந்த வாரத்தில் இது ஐந்தாவது வீடு. நான்குக்கு முடியாது என்று எழுதியாகிவிட்டது.

"பேர் குடுத்து மூணு வருஷம் ஆச்சு வில்மா," என்றார் வீட்டுக்காரர் ஓக்லி ஸ்லோன். மரம் அறுக்கும் மில்லில் ஒரு விரலைப் பறிகொடுத்தவர். "உங்க பட்டியல்லயே எங்க பேருக்கு நரை விழுந்துடுச்சு."

"எனக்கும்தான் அண்ணே, அந்த ஆபீஸ்ல."

அவர் மனைவி நடீன் சிரிக்கவில்லை. படுக்கையறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வீடு பளிச்சென்றிருந்தது, புதுப் பெயிண்ட் வாசனை வேறு. அந்த வாசனைதான் வில்மாவுக்கு உறுத்தியது. கையில் காசில்லாத வீட்டில் நவம்பர் மாதம் யாரும் சும்மா பெயிண்ட் அடிப்பதில்லை.

விசிறியைப் போட்டாள். அது வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எந்தச் சந்து வழியாக வெளிக்காற்று நுழைகிறது என்பது உடனே தெரிந்துவிடும். படுக்கையறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வை மெல்ல உப்பி எழும்பியது. நடீன் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க அண்ணி."

"சும்மா அழகுக்கு மாட்டினது."

"எடுங்க."

போர்வைக்குப் பின்னால் சுவர் கறுத்து நனைந்திருந்தது. மேலே, புதுப் பெயிண்டுக்கு அடியில், கூரைப் பலகை தொப்பை போட்டுத் தொங்கியது.

வில்மா விசிறியை நிறுத்தினாள். கூரை ஒழுகும் வீட்டில் பஞ்சு அடைக்கக் கூடாது, கூரையைச் சரிசெய்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் விதி. கூரை மாற்ற வக்கிருந்தால் இவளை ஏன் கூப்பிடப்போகிறார்கள்? கூரைக்கென்று நிறுவனத்தில் எந்தத் திட்டமும் கிடையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தானே அந்தப் பூசாரியாக நிற்பது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"எழுதாம விட்டுடேன்," என்றாள் நடீன். "போர்வைக்குப் பின்னாடி யாரு வந்து பாக்கப்போறா?"

"ஈரத்துல பஞ்சை அடைச்சா உள்ளுக்குள்ளயே அழுகும் அண்ணி. ரெண்டே வருஷத்துல சுவரு கையோட வந்துடும்."

"அந்த ரெண்டு வருஷம் குளிரில்லாம தூங்குவோம்ல?" என்றார் ஓக்லி.

வில்மா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். ஆறு வருடத்துக்கு முன் ஒருமுறை இப்படித்தான் மனமிளகிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொடுத்தாள். அந்த வீட்டில் நனைந்த கூரைப்பலகை தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. யார்மீது என்று தெரியாமல் கோபம் வந்தது. 'தள்ளிவைப்பு' என்ற கட்டத்தில் குறியிட்டுக் காகிதத்தை நீட்டினாள். வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் விதிதான். ஓக்லி நான்கு விரலால் பேனாவைப் பிடித்து, அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினார்.

அவள் கருவிகளை மடக்கிக்கொண்டு கிளம்பும்போது நடீன் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட? இன்னைக்கே ஆளுங்க வந்து வேலையை ஆரம்பிப்பாங்கன்னு ஆறு பேருக்கு ஆக்கிவெச்சுட்டேன். யாரு திங்கறது?"

முதல் நாள் பார்க்க மட்டும்தான் வருவார்கள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேசையில் ஒரு அண்டா பீன்ஸ், அடுக்கடுக்காகச் சோள ரொட்டி, ஆறு தட்டுகள். வில்மா உட்கார்ந்தாள்.

காலையிலிருந்து எரிந்த அடுப்பின் சூடு முழுவதையும் அவளுடைய விசிறி வெளியே இழுத்துவிட்டிருந்தது. மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டார்கள்.