ஊதாக் கவரும் மஞ்சள் கவரும்

அன்றைக்குக் காலையில் மரியசெல்வி மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் கோயிலுக்குக் கிளம்பினாள். மகன் ரொனால்டு போய்ச் சேர்ந்து ஒரு வருசம். ஆண்டுப் பூசை. பூசை தொடங்குமுன் மைக்கில் பேர் வாசிப்பார்கள். செத்தவர்கள் பேரோடு பேராக ரொனால்டு பேரும் வரும். அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு விழாமல் நிற்க வேண்டும். அம்புட்டுதான் அவளுக்கு அன்றைக்கு இருந்த வேலை.

ஆனால் அது லேசுப்பட்ட வேலையா? இந்த ஒரு வருசத்தில் அவள் வாயிலிருந்து 'செத்துட்டான்' என்ற சொல் வந்ததே இல்லை. வாலிபப் பிள்ளை, காய்ச்சல் என்று படுத்தவன், ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவன். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடக்கத்துக்கு வந்த சனமெல்லாம் அழுது கலைந்த பிறகும் இவள் ஒரு சொல் பேசவில்லை. விவரம் தெரியாத யாராவது, "பையன் எங்கக்கா?" என்று கேட்டால், "வெளிய போயிருக்கான்" என்பாள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்கும் அதே பதில்தான். புருசன் ஆண்டனிராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். பெற்றவள் சொல்வதைப் பொய் என்று மறுக்க அந்த மனுசனுக்கு மட்டும் நாக்கு வருமா?

இனி நோட்டு விசயத்துக்கு வருவோம். அந்தக் கோயிலில் பூசைக்குப் பேர் கொடுக்க ரெண்டு நோட்டு உண்டு. ஒன்று நன்றிப் பூசைக்கு. பிறந்த நாள், கல்யாண நாள், நோய் குணமானது, வேலை கிடைத்தது எல்லாம் அதில் சேர்த்தி. இன்னொன்று இறந்தவர்களுக்கு. தேதியைப் போட்டு அடியில் பேரை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எதற்குப் பூசை என்று ஒருத்தரும் எழுதுவதில்லை. அதற்குத்தானே ரெண்டு நோட்டு.

இந்தத் தடவை, கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியார் ரெண்டையும் ஒரே கடையில், ஒரே மாதிரியாக, ஸ்பைரல் கம்பி போட்டதாக வாங்கிவந்துவிட்டார். மேலட்டையிலும் ரெண்டுக்கும் ஒரே பூப்படம். சீட்டு எழுதி ஒட்டினார். நாலு கை பட்டதும் சீட்டு உரிந்துபோனது. பிரவுன் தாளில் அட்டை போட்டார். புரட்டுகிற புரட்டில் கம்பி அந்தத் தாளைக் கிழித்துத் தள்ளியது. கடைசியில் ரெண்டு நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்து மரியசெல்வியின் தையல் மிசின்மேல் வைத்தார்.

"துணியில ஒரு கவர் தச்சுக் குடும்மா. அழுக்கானா கழட்டித் தொவச்சு மாட்டிக்கலாம். நோட்டு தீந்தா அடுத்த நோட்டுக்கும் ஆகும்."

எது நன்றி நோட்டு, எது இறந்தவர்கள் நோட்டு என்று அவர் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார். இவளும் தலையை ஆட்டிவைத்தாள்.

வேலை என்று வந்துவிட்டால் மரியசெல்வியிடம் குறை சொல்ல முடியாது. சின்னாளபட்டியிலிருந்து வாங்கி வைத்திருந்த சுங்குடி வெட்டுத்துணியில் ஊதாவும் மஞ்சளும் எடுத்தாள். இறந்தவர்களுக்கு ஊதா, நன்றிக்கு மஞ்சள். முன்னட்டைக்கு ஒரு பை, பின்னட்டைக்கு ஒரு பை. தலையணைக்கு உறை போடுவது மாதிரி அட்டையை உள்ளே நுழைத்தால் போதும். கம்பி இருக்கிற முதுகுப் பக்கம் மட்டும் துணியை இழுத்துத் தைக்காமல், அகலப் பட்டை ஒன்றைத் தனியாக வைத்து, ரெண்டு ஓரத்திலும் வெல்க்ரோ கொடுத்தாள். நோட்டைப் பின்பக்கமாக மடக்கினாலும் கவர் இழுபடாது, கழற்ற வேண்டுமென்றால் சர்ரென்று உரித்துவிடலாம். கவர் ரெண்டும் அம்சமாக வந்துவிட்டன.

மாட்டப் போகும்போதுதான் பிடித்தது சனியன். அளவெடுக்கிறேன் என்று நோட்டுகளை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்ததில் எது எது என்று மறந்துபோய்விட்டது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அட்டையில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள். உள்ளே ஆண்டனிராஜ் கையெழுத்தில் ரொனால்டு பேர் இருக்கும். போன மாசமே போய் எழுதிவிட்டு வந்திருந்தார். அதைக் கண்ணால் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. சரி, உபதேசியாருக்கு ஒரு போன் போட்டாவது கேட்டிருக்கலாம். போனில் கேட்பதென்றாலும், "செத்தவங்க நோட்டு எதுண்ணே?" என்றுதானே கேட்க வேண்டும். அந்தச் சொல்தான் அவள் வாயில் வராதே.

வெளியிலிருந்தே பார்த்தாள். ஒரு நோட்டு ஓரமெல்லாம் மடங்கி, விரல் அழுக்கேறி, நன்றாகப் புரண்டிருந்தது. மற்றது கொஞ்சம் புதுசாக இருந்தது. ஊரில் சாவுக்கா பஞ்சம், அதிகம் புரண்டதுதான் இறந்தவர்கள் நோட்டாக இருக்கும் என்று முடிவு கட்டினாள். அவளுக்கு அந்த வருசம் அப்படி. புரண்ட நோட்டுக்கு ஊதாவை மாட்டி, புதுசுக்கு மஞ்சளை மாட்டி, பூசைக்கு முந்தின சாயங்காலம் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். உபதேசியாருக்கு வாயெல்லாம் பல். அப்படியே கொண்டுபோய் வாசக மேடையில் வைத்துவிட்டார். இனிமேல் உள்ளே புரட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கவலை இல்லையே.

பூசை நாளில் பேர் வாசிக்க வந்தவள் அல்போன்சா டீச்சர். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பங்குச் சனத்தில் ஒரு முகமும் தெரியாது, ஆனால் குரல் கணீரென்று இருக்கும். எந்த நோட்டுக்கு எப்படி வாசிக்க வேண்டும் என்று மேடையில் ரெண்டு சீட்டு ஒட்டியிருந்தது. மஞ்சள் கவர் நோட்டை முதலில் எடுத்தாள்.

பெண்கள் பக்கம் நடு வரிசையில் மரியசெல்வி உட்கார்ந்திருந்தாள். முதல் நோட்டு நமக்கில்லை, ரெண்டாவதுதான் நமக்கு என்று, மூச்சைக்கூட அதற்காகச் சேர்த்துவைத்திருந்தாள்.

"உடல் நலத்தோடும் நீடிய ஆயுளோடும் வாழ இன்று நாம் மன்றாடுவது, சூசையம்மாள், ரொனால்டு."

மரியசெல்விக்குத் திக்கென்றது. காதில் விழுந்தது நிசமா என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவளும் வாயைப் பிளந்துகொண்டு இவளைத்தான் பார்த்தாள். ரொனால்டு, நீடிய ஆயுளோடும். மைக்கில் சொல்கிறார்கள், கோயிலில் சொல்கிறார்கள், அத்தனை சனமும் கேட்கச் சொல்கிறார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பெற்றவள் அதை நம்பிவிட்டாள். பூசைக்கு எப்போதும் பிந்தி வந்து, செருப்பை வாசலில் உதறிவிட்டு, கடைசிப் பெஞ்சில் நுழைகிறவன் அவன். மரியசெல்வி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் இல்லை.

அடுத்த அதிர்ச்சி அதற்குள் வந்துவிட்டது. டீச்சர் ஊதாக் கவரை எடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இறந்துபோன ராயப்பராஜ், இவருடைய ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய."

இறந்துபோன ராயப்பராஜ் முதல் பெஞ்சில் பட்டுச் சட்டையும் பட்டு வேட்டியுமாகக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். வெங்காய மண்டிக்காரர். அன்றைக்கு அறுபதாம் பிறந்த நாள், பக்கத்தில் கேக் பெட்டி. கூப்பிய கை கூப்பியபடியே நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் இருந்த அவர் சம்சாரம் செபமாலையை நழுவவிட்டுவிட்டு, ஓடிவந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். டீச்சர் நிறுத்தவில்லை. அடுத்த பேர் அன்றைக்கு முதல் பிறந்த நாள் கொண்டாடுகிற ஒரு கைக்குழந்தை. அதன் அம்மா பிள்ளையை வாரி நெஞ்சோடு இறுக்கியதில் அது வீரிட்டு அழுதது. கோயில் முழுக்கக் கசகசவென்று பேச்சு எழும்பியது.

ராயப்பராஜ் எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஏம்மா டீச்சர், நான் எப்பம்மா செத்தேன்?"

டீச்சருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நோட்டைப் பார்க்கிறாள், ராயப்பராஜைப் பார்க்கிறாள், நோட்டின் கவரைப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து உபதேசியார் தூபக்கலசத்தோடு ஓடிவந்தார். பின்னாலேயே பங்குச்சாமியார், பூசை உடுப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் வந்தார்.

மரியசெல்விக்கு இப்போது விளங்கிவிட்டது. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே மேடைக்குப் போனாள். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே பேசியதெல்லாம் கோயில் முழுக்கக் கேட்டது.

"டீச்சர் மேல தப்பில்ல ஃபாதர். கவர நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, உள்ள தொறந்து ஒரு பார்வை பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேம்மா. இம்புட்டு வேலை செஞ்சவளுக்கு அது முடியலையா?"

"முடியலண்ணே" என்றாள் மரியசெல்வி. "உள்ள அவன் பேரு இருக்குமே."

உபதேசியார் தூபக்கலசத்தைக் கீழே வைத்தார். ஃபாதர் மெதுவாக, "சரிம்மா, மாத்திப் போடுங்க. திருப்பி ஒரு தடவை சரியா வாசிச்சிருவோம்" என்றார்.

மரியசெல்வி பட்டையைப் பிடித்து உரித்தாள். சர்ரென்ற சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது. முன்னட்டையை உருவினாள், பின்னட்டையை உருவினாள். மற்ற நோட்டையும் அப்படியே செய்தாள். ஒரே பூப்படத்தோடு ரெண்டு நோட்டும் வெறும் நோட்டாக அவள் முன்னால் கிடந்தன. ஊதாக் கவரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதை மாட்டுவது, அவனை இந்தக் கையாலேயே அந்தப் பக்கம் தள்ளிவிடுவது போலத் தோன்றியது.

ராயப்பராஜ் இன்னும் நின்றபடிதான் இருந்தார். செருமிக்கொண்டு சொன்னார்.

"ஃபாதர், எதுக்கு மறுபடி வாசிச்சுக்கிட்டு. வாசிச்சது வாசிச்சதாவே இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். அந்தத் தம்பி பேரு அந்தப் பக்கமே இருக்கட்டும்."

வெங்காய மண்டியில் அரை மூட்டைக்கு அரை நாள் பேரம் பேசுகிற மனுசன் அவர். அவர் வாயிலிருந்தா இது என்று சனம் திரும்பிப் பார்த்தது. குழந்தையின் அம்மாகூடச் சம்மதமாகத் தலையை ஆட்டினாள். ஃபாதர் மரியசெல்வியைப் பார்த்தார். அவள் சரி என்று சொன்னால் போதும். விட்டுவிடுவார்கள். ரொனால்டு நீடிய ஆயுளோடு இருந்துவிடுவான், கோயிலே சொன்னதாக.

மரியசெல்விக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது? சரி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அப்படி விட்டால், இன்றைய பூசை யாருக்கு? உயிரோடு இருக்கிறவனுக்கு ஆண்டுப் பூசை ஏது? அவன் ஆத்துமா அங்கே ஒற்றையாக நின்றுகொண்டு, அம்மா எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாளா என்று பார்த்துக்கொண்டிருந்தால்? ஒரு வருசமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தானோ?

"வேணாம்ண்ணே" என்றாள் ராயப்பராஜிடம். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா அவனுக்குப் பூசை வேணும்."

பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நகந்துக்க தாயி, நான் வாசிக்கிறேன்" என்றாள்.

அதிகம் புரளாத நோட்டைத் திறந்தாள். தேதிக்கு அடியில் ஆண்டனிராஜ் கையெழுத்து. அந்த ஒரு பேரை எழுதப் பேனாவை எத்தனை தடவை அழுத்தியிருக்கிறார் என்று தாளைத் தொட்டாலே தெரிந்தது. ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து வாசித்தாள்.

"இறந்துபோன..."

நின்றுவிட்டாள். ஃபாதர் உதவிக்கு வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இறந்துபோன சூசையம்மாள், இறந்துபோன என் மகன் ரொனால்டு. இவங்க ஆன்மா இளைப்பாற."

கோயில் மொத்தமும் எழுந்து நின்று பதில் சொன்னது. அத்தனை பேரிலும் ராயப்பராஜின் குரல்தான் தனியாகக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் ஊதாக் கவரை எடுத்து, முன்னட்டையை நுழைத்து, பின்னட்டையை நுழைத்து, கம்பிக்கு மேல் பட்டையைப் போர்த்தி, வெல்க்ரோவை விரலால் நெடுக அழுத்தி ஒட்டினாள். பிசகில்லாமல் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, ஆண்கள் பக்கமிருந்து ஆண்டனிராஜ் எப்போதோ வந்து பக்கத்தில் நின்றிருந்தார். இன்றைக்குத்தான் நடந்தது போலவும், அந்த மனுசனுக்கு இன்னும் சேதி தெரியாதது போலவும், மரியசெல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நம்ம ரொனால்டு செத்துப்போயிட்டான்" என்றாள்.

"ஆமா செல்வி" என்றார் ஆண்டனிராஜ்.