கட்டுரைக்கு இது போதும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் மனைவி இருமுனை மனநோயின் மரபணுக்களை ஆராய்பவள். நான் ஊராரைக் கேலி செய்து எழுதிப் பிழைப்பவன். விருந்துக்குப் போனால் அவளிடம், "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள், என்னிடம், "இன்னும் எழுதறீங்களா?" என்பார்கள். ஆகவே விஞ்ஞானிகளைக் கிழித்துத் தொங்கவிட உட்கார்ந்தேன். முதல் வரி:

நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்த அவள் கண்களில் திடீரென ஒரு

(நிறுத்திவிட்டேன். அவள் நுண்ணோக்கியைத் தொட்டே வருடக்கணக்காகிறது. ஆறிப்போன டீயோடு கணினியில் எண்களைப் பார்ப்பதுதான் வேலை. அந்தக் கண்களில் திடீரென வருவது எரிச்சல் மட்டுமே.)

2

வில்லன் தயாராக இருந்தார்: ஆய்வக இயக்குநர், நான் வைத்த பெயர் மைக் மாமன்னர். "மனித குலத்தின்" என்று தொடங்காமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார்.

நோயாளிகளும் நலமானவர்களும் குழாயில் கோடு வரை துப்பித் தந்த எச்சிலை என் மனைவியின் குழு ஒப்பிட்டது. நோயாளிகளிடம் ஒரு மரபணு மட்டும் தனித்துத் தெரிந்தது.* மாமன்னர் உடனே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அறிவிப்பு விழாவுக்கும் நாள் குறித்துவிட்டார்.

(*அதுவே ஆச்சரியம். இந்த நோயின் பின்னால் ஒரு பெரிய திருடன் இல்லை, ஆயிரக்கணக்கில் ஜேப்படிக்காரர்கள் என்பாள் அவள்.)

3

செய்தியைப் படித்துவிட்டு அவள் தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு அந்த நோய் உண்டு: ஒரு காலம் தூங்காமல் உலகத்தையே விலைபேசினான், பிறகு மாதக்கணக்கில் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. இப்போது மாத்திரை பிடித்து நிறுத்தியிருக்கிறது. ("ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ற தொழில்" என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த ஜோக்கை அவனே எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டான்.)

"அக்கா, அந்த ஜீன் எனக்கு இருக்கான்னு மட்டும் சொல்லு. இல்லேன்னா நாங்க குழந்தை பெத்துக்கறோம். இருந்தா, வேண்டாம்."

"உன் பொண்டாட்டி என்னடா சொல்றா?"

"நான் என்ன சொல்றேனோ அதுதானாம். அதான் பயமா இருக்கு."

அவள் ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்தாள். பிறகு சொன்னாள்: "கட்டுரைக்கு இது போதும்டா. உன் குழந்தைக்குப் போதுமான்னு பார்க்கணும். கொஞ்சம் பொறு."

4

பார்த்தாள். நோயாளிகளின் எச்சிலை எல்லாம் முதலில் இயந்திரத்தில் ஏற்றியிருந்தார்கள், நலமானவர்களுடையதைப் பிறகு. இடையில் ரசாயனப் புட்டி மாறியிருந்தது. இரண்டு வகையையும் கலந்து, ஒரே புட்டியில், மறுபடி ஓட்டினாள். தனித்துத் தெரிந்த மரபணு தலைமறைவாகிவிட்டது.

அறிவிப்பு விழா. மாமன்னர் மனித குலத்தைப் பாதி தூரம் கொண்டுவந்து நிறுத்தி, என் மனைவியை அழைத்தார். அவள் சொன்னாள்: "நாங்க கண்டுபிடிச்சது நோயை இல்லை, எங்க ரசாயனப் புட்டியை. தப்பு என்னோடது. கலந்து ஓட்டியிருக்கணும்."

மாமன்னர் பல்லைக் கடித்தார். "இதைத் தனியாச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"நேத்தே சொன்னேன் சார். நீங்க மைக் டெஸ்ட் பண்ணிட்டிருந்தீங்க."

நான் கடைசி வரிசையில் குண்டூசியோடு உட்கார்ந்திருந்தேன். தன் பலூனைத் தானே உடைத்துக்கொள்பவளிடம் எனக்கு என்ன வேலை? எழுந்து நின்று கைதட்டினேன். பழக்கமில்லாததால் கொஞ்சம் முன்கூட்டியே தட்டிவிட்டேன்.

5

தம்பிக்குக் கோபம். "அப்ப எனக்கு என்னதான் பதில்?"

"தெரியாதுடா. அப்பாவுக்கு இருந்தா குழந்தைக்கு வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். வராம போறவங்கதான் நிறைய. உன் குழந்தை எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாதே. மத்ததை நீங்க ரெண்டு பேரும் பேசுங்க."

"இவ்வளவு படிச்சும் தெரியாதா?"

"இவ்வளவு படிச்சதாலதான் தெரியாதுன்னு தைரியமாச் சொல்றேன்."

புதிய சுற்று ஆய்வுக்கு என்னிடமும் தம்பியிடமும் எச்சில் குழாயை நீட்டினாள். நான் நலமானவர்கள் பட்டியலில். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். மாத்திரையால் அவனுக்கு வாய் உலர்ந்துபோகும். கோடு வரை நிரப்பப் பெரும்பாடுபட்டான். நடுவில் கேட்டான்: "மாமா, உங்க கதையில எனக்குக் குழந்தை உண்டா?"

முடிவு அ: தொட்டிலில் ஒரு பெண் குழந்தை, அப்பாவைப் போலவே

முடிவு ஆ: அவர்கள் இருவரும் கைகோத்து, இல்லை என்று

(இரண்டையும் பாதியில் விட்டிருக்கிறேன். வேண்டியதை எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: கதைக்கு இது போதும். அவனுக்குப் போதுமா?)