இரும்புச் சட்டி

செத்தவருக்கென்று எரிக்கும் காகிதத்தில் மூன்று தாள்களைச் சேர்த்து நெருப்பில் போடக் குனிந்த ஹோங்தாவின் கை பாதியிலேயே நின்றது. அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்தது மண்சட்டி இல்லை. லாரியின் பிரேக் டிரம்.

அதை வாய் மேலே பார்க்க மல்லாத்தி, நடு ஓட்டையைத் தகரத் துண்டால் அடைத்து, நான்கு செங்கல்மேல் உட்கார்த்தியிருந்தார்கள். விளிம்பில் உளியால் வெட்டிய ஒரு எண் இருந்தது. அதன்மேல் கரி படிந்திருந்தது. அது எந்த எண் என்று அவன் துடைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"சட்டி எங்க?" என்றான்.

"அதான் சட்டி" என்றாள் யூச்சின். தங்கைதான். ஆனால் ஏழு வருஷமாக அவள் வாயிலிருந்து அண்ணன் என்ற சொல் வந்ததில்லை. "அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. மண்சட்டி வாங்கக் கூடாது, இதுலதான் எரிக்கணும்னு. ஆஸ்பத்திரியில கடைசியாத் தெளிவாப் பேசின பேச்சு அது."

"இதை எப்படி உடைக்கிறது?"

"அதையும் சொன்னாரு. 'அவன் உடைக்கட்டும்'னாரு."

ஹோங்தாவ் தாள்களை நெருப்பில் போட்டுவிட்டு நிமிர்ந்தான். கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்குள் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். லாரித் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாரும் பாங் மேஸ்திரி என்று கூப்பிட்ட அந்த மனுஷன், உயிரோடு இருந்தபோது எப்படி உதட்டை இறுக்கி வைத்திருந்தாரோ அப்படியே இப்போதும் வைத்திருந்தார். இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்பது இதுதான் என்று ஹோங்தாவ் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

மூன்று நாளும் தலைமாட்டில் காகிதம் எரித்த சட்டியை, பெட்டி கிளம்பும் நேரத்தில் மூத்த பிள்ளை ஒரே போடில் உடைக்க வேண்டும். சட்டி உடைந்தால்தான் பெட்டி வாசல் தாண்டும். இரண்டாம் தடவை என்பது கிடையாது. ஒரே போடில் உடைக்காதவனை அந்தக் குடியிருப்பில் சாகும் வரை சொல்லிக் காட்டுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அடுத்த தெருவில் ஒருவன் சட்டியை மண்ணில் போட்டுவிட்டான். இன்றைக்கும் அவன் பேர் போய், உடைக்காதவன் என்பதுதான் பேர்.

கிழவனின் கணக்கு அவனுக்கு நொடியில் புரிந்தது. இந்த டிரம் நல்ல டிரம் என்று கையெழுத்துப் போட்டவன் அவன். இது உடைந்தால் அவன் பிள்ளை, ஆனால் பொய்க் கையெழுத்துப் போட்ட பிள்ளை. உடையாவிட்டால் கையெழுத்து சரி, ஆனால் அப்பனுக்குச் சட்டி உடைக்கத் துப்பில்லாதவன். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுத்தான் கிழவன் கண்ணை மூடியிருக்கிறார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய டிரம் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தது. ஹோங்தாவும் அவன் ஆட்களும் இரும்பின் கலவையை மாற்றி, சுவரை மெலிதாக்கி, வெளியே வரிவரியாய் விலா வைத்து, நாற்பத்தாறு கிலோவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சக்கரத்துக்குப் பன்னிரண்டு கிலோ மிச்சம் என்றால் அந்த அளவுக்குச் சரக்கு கூட ஏற்றலாம். ஊரே மெச்சியது. சோதனைப் பிரிவின் மேஸ்திரியாக இருந்த அப்பா மட்டும் மெச்சவில்லை. லாரியில் நாற்பத்தொன்பது டன் ஏற்றி மலையிலிருந்து இறக்கினார். டிரம் சூடேறிப் பழுத்து நின்றபோது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். மேலே ஏறி, மறுபடி இறக்கி, மறுபடி தண்ணீர். மூன்றாம் தடவை விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விட்டது.

"புத்தகத்துல தண்ணி இல்லப்பா" என்றான் அன்றைக்கு ஹோங்தாவ். சோதனை விதிகள் அச்சடித்த புத்தகம் அவன் கையிலேயே இருந்தது.

"மலையில இருக்குடா" என்றார் அவர். "எந்த டிரைவர் தண்ணித் தொட்டி இல்லாம இறங்குறான்? கேபினுக்குப் பின்னால தொட்டி கட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குழாய் விட்டு, சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டுத்தான் இறங்குறான். உன் புத்தகம் எழுதினவன் அந்த மலைப் பக்கம் போயிருக்கானா?"

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். ஒரு மாதத்தில் அவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் இடத்தில் மகனை உட்கார வைத்தார்கள், மகன் கையெழுத்துப் போட்டான். புத்தகப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் மேற்கு மலைச் சாலையில் அந்தப் புது டிரம் மாட்டிய ஒரு லாரி நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டின புருஷனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியும் போய்விட்டார்கள். அதிகச் சுமை என்று விசாரணையில் எழுதினார்கள். அப்பா தன் செலவில் பஸ் ஏறிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா நினைவுநாளில் காகிதம் எரிக்க மட்டும் அந்தக் கீறல் விழுந்த டிரம்மை வாசலில் எடுத்துப் போடுவார். வருஷா வருஷம், எல்லார் கண்ணிலும் படும்படியாக.

ஹோங்தாவ் காரியத்துக்குப் போட்டிருந்த கொட்டகைக்கு வெளியே வந்தான். வாசலில் அப்பாவின் சோதனைப் பிரிவு ஆட்கள் எட்டுப் பேர், பழைய நீலக் கோட்டோடு, சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் தலையசைத்தான். ஒருத்தரும் அசைக்கவில்லை. அவர்களில் மூத்தவர் லுவான். நாற்பது வருஷம் அப்பாவுக்கு லாரி ஓட்டியவர், மலையில் தண்ணீர்க் குழாயைத் திறந்தவரும் அவர்தான்.

"வந்துட்டீங்களா ஐயா" என்றார் லுவான். ஒரு காலத்தில் இந்த ஹோங்தாவை மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கவிட்டவர். "மூணு நாள் ஆச்சேன்னு பார்த்தோம். அப்பனை விடப் பனி முக்கியம்."

"புயல்ல விமானம் இல்ல. வடக்கே ஹெய்ஹேயில மாட்டிக்கிட்டேன்."

"அங்க என்ன சோதனை?"

"உறைபனியில பிரேக்."

"ஓ. புத்தகத்துல பனி இருக்கு போல" என்றார் லுவான். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கால் சிரித்தார்கள்.

ஹோங்தாவ் பல்லைக் கடித்துக்கொண்டு சித்தப்பாவைத் தேடிப் போனான். காரியங்களை நடத்துகிறவர் அவர்தான். ஊதுகுழல்காரர்களுக்குச் சூடான ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இந்தக் கூத்தை நீங்க எப்படி விட்டீங்க? நாற்பத்தாறு கிலோ இரும்பு. அதை எவன் உடைப்பான்?"

"செத்தவரு வார்த்தைடா. நான் மாட்டேன்னா நாளைக்கு என் கனவுல வந்து உட்காருவாரு" என்றார் சித்தப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "படம் வெச்ச மேஜைக்கு அடியில ஒரு மண்சட்டி வாங்கி வெச்சிருக்கேன். நேரம் வரும்போது அதை எடுத்துக் கையில குடுக்குறேன், போட்டு உடைச்சிட்டுக் கிளம்பு. பேசுறவன் பேசுவான், நாலு நாளைக்கு. உங்க அண்ணன் தங்கச்சி சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க."

ஹோங்தாவுக்கு மூச்சு வந்தது. மேஜைத் துணியைத் தூக்கிப் பார்த்தான். சின்ன மண்சட்டி, வைக்கோலில் சுற்றி இருந்தது. இரண்டு கையால் பிடித்து லேசாக அழுத்தினாலே நொறுங்கிவிடும்.

கிளம்பும் நேரம் வந்தது. அப்பாவைக் குளிர்பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். யூச்சின் டிரம்மிலிருந்து சாம்பலை அள்ளிப் பையில் கட்டினாள். அப்பாவோடு போக வேண்டிய சாம்பல் அது. ஊதுகுழல் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. வாசலில் சட்டி உடைப்பதற்கான கருங்கல்லைப் போட்டார்கள். ஹோங்தாவ் வெள்ளைத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். சித்தப்பா மண்சட்டியை அவன் கையில் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"அதானே பார்த்தேன்" என்றாள் யூச்சின். சத்தமாகவே சொன்னாள். "கொண்டு போங்க சீஃப் இன்ஜினியர். சுலபமா உடையுறதை உடைச்சிட்டுப் போங்க."

"வாயை மூடு."

"எதுக்கு மூடணும்? ரெண்டு ராத்திரி காகிதம் போட்டவ நான். அவருக்குக் கஞ்சி ஊத்தினவ நான். சாகுறப்போ அவரு உன் பேரைச் சொல்லலை. 'அவன்'னு சொன்னாரு. அந்த 'அவன்' யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

லுவான் சுவரை விட்டு முன்னால் வந்தார். "விடும்மா. பன்னிரண்டு கிலோ குறைச்சவரு, மிச்சம் நாற்பத்தாறைத் தூக்க முடியலைன்னா அவரு என்ன பண்ணுவாரு? அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்காங்க, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது."

ஹோங்தாவ் மண்சட்டியைச் சித்தப்பா கையில் திருப்பி வைத்தான். அவர் "டேய், வேண்டாம்டா" என்பதற்குள் கொட்டகைக்குள் போய்விட்டான். கோபம் தலைக்கேறிப் போயிருந்தது. பயம் ஒரு துளி இல்லை. இது உடையாது. கல்லில் போட்டு அது முழுசாய் உருளுவதை இந்த எட்டுக் கிழவன்களும் பார்க்கட்டும். பெட்டி கிளம்பாவிட்டால் போகட்டும். பெட்டிக்குள் இருக்கிறவரும் கிடக்கட்டும், அவசரம் என்ன.

டிரம்மில் கை வைத்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். மூன்று நாள் நெருப்பின் சூடு இன்னும் உள்ளேயே இருந்தது.

"சுடுதா?" என்றார் லுவான். ஊதுகுழல்காரர்களின் தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலைக் கையில் எடுத்தார். "தண்ணி ஊத்தட்டுமா?"

கெட்டிலின் மூக்கு டிரம் பக்கம் சாய்ந்தது.

"தண்ணி வேணாம்" என்றான் ஹோங்தாவ்.

வெறுங்கையோடு தூக்கினான். முட்டியில் ஏற்றி, இடுப்பில் தாங்கி, நெஞ்சுக்குக் கொண்டுவந்தான். தலைக்கு மேல் போகவில்லை. நாற்பத்தேழு வயசில் அது போகாது. கரி வெள்ளைத் துணியெல்லாம் அப்பிக்கொண்டது. தள்ளாடிக்கொண்டே கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். உள்ளங்கை எரிந்தது. பிடியை மாற்றினான், கை இரண்டும் தாமாக டிரம்மைச் சுழற்றின. எண் வெட்டிய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, அவன் கட்டைவிரல் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மேலே திருப்பி, கல்லில் படாதபடி வைத்தது.

"எதுக்குத் திருப்புற?"

யூச்சின்தான் கேட்டாள். அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. பக்கத்தில் நின்றவள் அவள்தான். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

கண்ணுக்குத் தெரியாதபடி ஏழு வருஷக் கரி மூடியிருந்த இடம் அது. விரலால் தடவித் தேட வேண்டிய இடம். அவன் தேடவில்லை. நேராகப் போய் விரலை வைத்தான். அப்பாவின் இடத்துக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி, சோதனைக் கூடத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு, விளக்கைக் கிட்டே பிடித்து, அளவுகோலை வைத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை கீறலை அளந்த இடம். அளந்துவிட்டு மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டான்.

டிரம் கையில் கனத்தது. தங்கை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கக் காத்திருந்த நாலு பேரும் குனிந்தபடியே நின்றார்கள்.

ஹோங்தாவ் டிரம்மை மறுபடி சுழற்றினான். இப்போது மெதுவாக, தெரிந்தே. கட்டைவிரல் இருந்த இடம் கீழே போய்க் கல்லைப் பார்த்து நின்றது.

முன்னால் சாய்ந்து, முழுப் பலத்தோடு கீழே அடித்தான்.

மணி அடித்த சத்தம் வரவில்லை. நல்ல இரும்பென்றால் மணி மாதிரிக் கேட்கும். இது பானை விழுந்த சத்தம். டிரம் இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதி கல்லின் இந்தப் பக்கமும் மறுபாதி அந்தப் பக்கமும் சாய்ந்தது.

"உடைஞ்சிருச்சு! தூக்குங்க!" என்று சித்தப்பா கத்தினார். ஊதுகுழல் வீறிட்டது. பெட்டி எழும்பியது.

பெட்டி கிளம்பிய பிறகும் அந்த எட்டுப் பேர் நகரவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து குனிந்து, உடைந்த முகத்தைப் பார்த்தார்கள். இரும்பு உடைந்தால் அது எப்போது உடைந்தது என்று அந்த முகத்திலேயே தெரியும். இன்றைக்கு உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி மின்னியது. பழைய இடம் கரி ஏறி, துரு ஏறிக் கறுத்துக் கிடந்தது. விளிம்பிலிருந்து உள்ளே வெகுதூரம் போயிருந்தது அந்தக் கறுப்பு. லுவான் உட்கார்ந்து, கையை விரித்து வைத்துப் பார்த்தார்.

"முக்கால் சாண் இருக்கும்" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

ஹோங்தாவ் அதற்குள் மூத்த பிள்ளை பிடிக்க வேண்டிய வெள்ளைக் கொடியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றிருந்தான். சட்டி உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதினாறு சென்டிமீட்டர்" என்றான்.

யூச்சின் சாம்பல் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். வாசல் சரிவில் பனி இறுகியிருந்தது, எல்லாரும் பார்த்துப் பார்த்து இறங்கினார்கள். கொடியின் வெள்ளைக் காகிதம் சுற்றிய கம்பில் ஹோங்தாவ் பிடித்த இடமெல்லாம் கறுப்பாய் விரல் விரலாகப் பதிந்திருந்தது.