நிற்க மறுத்த பைக்

மலைப்பாதையில் சென்சார் போய் நின்ற பல் டாக்டரின் பைக்கை லாரியில் ஏற்றி வந்ததை அவருடைய மச்சான் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். டாக்டருக்குப் பொறுக்கவில்லை. பைக்கிலிருந்த கம்ப்யூட்டரையும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் கழற்றிக் கடாசினார். இரண்டு பழைய கார்புரேட்டர்களைப் பொருத்த ஆறு மாதம் மல்லுக்கட்டினார். இனி எங்கே நின்றாலும் தானே சரிசெய்துவிடலாம். அதை மச்சான் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே மலைக்குக் கிளம்பினார். பைக் நிற்கவே இல்லை. மழையில் நனைந்தது, ஓடையில் இறங்கி ஏறியது, ஒரு இருமல்கூட இல்லை. உச்சியை அடைந்தபோது டாக்டர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நல்லாத்தானே ஓடுது மாமா?"

"வலி இல்லேன்னு விட்டுடக் கூடாதுடா. உள்ளே சொத்தை இருக்கும்."

கைக்குட்டையை விரித்து கார்புரேட்டரைப் பிரித்தார். பெட்ரோல் வரும் துளையுள்ள பித்தளைத் திருகு ஒன்றை, பல் நோண்டும் ஊசியால் சுத்தம் செய்தார். மச்சான் வாயைப் பிளந்து பார்த்தான். டாக்டருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடைப்பே இல்லாத துளையைப் பலமாக ஊதினார். திருகு விரலை விட்டு எகிறிப் பள்ளத்தாக்கில் விழுந்தது.

மச்சான் கையை நீட்டி, அந்த வழியாக வந்த லாரியை நிறுத்தினான். போன வருஷம் வந்த அதே டிரைவர்.

"என்ன டாக்டர், மறுபடியும் சென்சாரா?"

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சேச்சே. இது கார்புரேட்டர்!"