நடக்காத இறுதியாட்டம்

அவுரேலியோ விழுந்தபோது அவர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கும் சாமித்தம்பி ஓடிப்போய்த் தாங்குவதற்குள் கிழவர் சக்கர நாற்காலிக்கு முன்னால் சரிந்து கிடந்தார். பந்து மட்டும் சுவரோரம் துள்ளிக்கொண்டிருந்தது.

அவுரேலியோ உருகுவேக்காரர். இராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்து இங்கேயே கிழவரானவர். காலையில் உடம்பு துடைத்துவிடும்போதெல்லாம் தென்னமெரிக்கக் கழகங்களின் கூடைப்பந்துச் சம்பியன் போட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். சந்தியாகோவில் நடந்தது, அசுன்சியோனில் நடந்தது, பிரேசில்காரர்கள் வந்து கிண்ணத்தைக் கொண்டுபோனது. கதை எப்போதும் ஓரிடத்தில் நின்றுவிடும். அவருடைய கழகம் இறுதிக்கு வந்த வருடம் அது. ஆட்டத்தன்று காலை தெருவெல்லாம் இராணுவம். அரங்கைப் பூட்டி, பிடித்த ஆட்களை அதற்குள் அடைத்தார்கள். அவரோடு ஆடிய இருவரும் அப்படி உள்ளே போனவர்கள்தான்.

சாமித்தம்பி மட்டக்களப்பில் பாடசாலை அணிக்கு ஆடியவர். அவர்களுடைய மைதானத்திலும் ஆமி முகாம் போட்டது. அதை அவர் கிழவரிடம் சொல்லவில்லை. ஒரு பந்து வாங்கிவந்தார், அவ்வளவுதான். மெல்ல எறிவார், கிழவர் மடியில் வாங்கித் திருப்பி எறிவார். கரண்டியைத் தட்டிவிடுகிற மனிதர் அதற்குப் பிறகு சாப்பிட ஆரம்பித்தார். அவர் விழுந்த அன்று பந்து கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது.

"பந்துக் கதையே எடுக்காதீங்க," என்றாள் அன்றிரவு சாமித்தம்பியின் மனைவி குணேஸ்வரி. "தானா எழும்பி விழுந்தாரெண்டு சொல்லுங்க. இந்த வேலையும் போனா உங்கட வயசுக்கு ஆரு வேலை தரப்போறாங்க?"

"ஓம்," என்றார்.

இடுப்பெலும்பு முறிவு. சில நாட்களில் அவுரேலியோ ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். சாமான்களை எடுக்க அவருடைய மகள் இல்லத்துக்கு வந்தாள். பிரிவுப் பொறுப்பாளரும் கூடவே நின்றாள்.

"அப்பா எப்படி விழுந்தார்?" என்று மகள் ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய் சாமித்தம்பியின் வாய்க்கு வரவில்லை.

"நான் பந்து எறிந்தேன். உயரமாகப் போய்விட்டது. பிடிக்க எழுந்தார்."

பொறுப்பாளரின் முகம் இறுகியது. "பிறகு என் அறைக்கு வாருங்கள்."

மகளின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "எழுந்தாரா? அப்பா எழுந்து நின்றே இரண்டு வருடமாகிறது. எப்படி எழுந்தார்?"

அதைச் சொல்ல அவரிடம் ஜேர்மன் போதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியை அழுத்தி எழுந்தார் சாமித்தம்பி. குதிகால் தரையைவிட்டு உயர, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டினார். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். போதும் என்று அவள் சொல்லவில்லை. நீட்டிய கைகளை அவரும் இறக்கவில்லை.